நெஞ்சுவலிக்கு அட்டை கேட்பதில்லை
நெஞ்சு வலித்தால் வாய்வு என்று சோடா குடித்துவிட்டுப் படுப்பது அறியாமையால் அல்ல, செலவுக்குப் பயந்து. முதலமைச்சர் காப்பீட்டுக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அதைக் கொஞ்சம் தாண்டிய குடும்பத்துக்கு அந்தக் காப்பீடு இல்லை. ஆனால் முதல் சோதனைக்குக் காப்பீட்டு அட்டையே வேண்டாம். அரசு மருத்துவமனையில் இசிஜி இலவசம். 2023இல் வந்த ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டார்வாஸ்டாட்டின் மாத்திரைகளைக் கொடுத்துத்தான் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள்.

வரிசையில் நின்றால் ஒருநாள் கூலி போகுமே என்பார்கள். வெளிநோயாளி வரிசைக்கு அது உண்மை. நெஞ்சுவலிக்குப் போக வேண்டியது அவசரப் பிரிவுக்கு, 108 ஆம்புலன்ஸில். இசிஜி நார்மல் என்ற பிறகும் ஏன் இருக்கச் சொல்கிறார்கள் என்ற கோபமும் நியாயமானதே. மாரடைப்பின் தொடக்கத்தில் முதல் இசிஜி சரியாகவே தெரியலாம். அதனால்தான் மறுபடி ஒன்று, கூடவே ட்ரோபோனின் ரத்தச் சோதனை. எல்லாம் சரியாக வந்தும் வலி நீடித்தால் அது பொய் வலியாகிவிடாது. வயிற்று அமிலம், விலாத் தசை, மனப்பதற்றம் என்று தேட இன்னும் இடமிருக்கிறது. பழைய இசிஜி தாளை மட்டும் தூக்கிப் போடாதீர்கள். அடுத்த டாக்டர் ஒப்பிட்டுப் பார்க்க அதைத்தான் முதலில் கேட்பார்.