அக்காவும் ஒரு மாணவி

பல்கலைக்கழக வாழ்வு என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவன விரிவுரை மண்டபமும் நூலகமும் விடுதியுமே. கற்பதற்கென்றே வாழ்நாளிற் சில ஆண்டுகளை, அதுவும் கட்டணமின்றி, இந்நாடு நமக்கு ஒதுக்கித் தந்திருக்கின்றது. அதன் பெறுமதியை நான் உணர்ந்தது இவ்வளாகத்திலன்று. எங்கள் வீட்டுக் குசினி மேசையிலேயாம்.

என் அக்கா ஒரு தாதி. உயர்தரத்தில் உயிரியல் கற்றுச் சித்தியெய்தியவர். எனினும் பல்கலைக்கழக அனுமதிக்கு வேண்டிய வெட்டுப்புள்ளியை அவர் எட்டவில்லை. அவ்வாண்டே தந்தையாரும் காலமானார். மூன்றாண்டுகள் தாதியர் பயிற்சி பெற்று வைத்தியசாலையிற் கடமையேற்றார். பாடசாலைச் சப்பாத்து முதல் இன்றைய விடுதிச் செலவுவரை அவருடைய சம்பளத்தில் ஒரு பங்கு எனக்கே வந்தது.

பத்தாண்டு சேவையின் பின், திருமணமாகி ஒரு குழந்தைக்குத் தாயுமான நிலையில், பட்டப்படிப்புப் படிக்க வேண்டும் என்றார். “இனிப் பட்டம் எதற்கு?” எனச் சுற்றத்தார் வினவினர். “செய்யிறதை ஏன் செய்யிறம் எண்டு தெரியவேணும்” என்பதே அவரது விடை.

வழி தேடும் பொறுப்பு என்னிடம் வந்தது. பேராதனை, யாழ்ப்பாணம் முதலிய பல்கலைக்கழகங்களில் நான்காண்டுத் தாதியியற் பட்டநெறிகள் உள்ளன. ஆயின் அவை உயர்தரப் பெறுபேற்றின்படி அனுமதி பெறும் முழுநேர மாணவர்க்கு உரியவை. வேலையும் வீடும் உடையவர்க்கு அங்கு இடமில்லை. தனியார் நிறுவனங்களின் கட்டணமோ எங்கள் கைக்கு எட்டாதது. எஞ்சியது இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம். 1980இல் நிறுவப்பட்ட அப்பல்கலைக்கழகம், கனடாவின் அதபாஸ்கா பல்கலைக்கழகத்தின் துணையோடு, சேவையிலுள்ள தாதியர்க்கென ஒரு பட்டநெறியை 1994இல் தொடங்கியது. வீட்டிலிருந்தே பாடநூல்களைக் கற்கலாம். குறித்த நாட்களில் வகுப்புக்குச் சென்றாற் போதும். அதற்குக் கட்டணம் உண்டு. அக்கா சீட்டுக் காசை எடுத்து முதலாண்டுக்குப் பதிவு செய்தார்.

காலை ஏழு முதல் ஒருமணி வரை ஒரு முறை. ஒருமணி முதல் ஏழு வரை மற்றொன்று. இரவு ஏழு முதல் மறுநாட் காலை ஏழு வரை இன்னொன்று. இம்மூன்றினிடையே சமையலும் குழந்தையும். எஞ்சிய நேரமே படிப்புக்கு உரியது. பரீட்சை நாளில் தமக்காக முறை மாற்றி நின்ற தோழிக்குக் கைம்மாறாக, அக்கா தீபாவளி இரவைக் கொடுத்தார். அன்று வீட்டிற் பலகாரம் இருந்தது, அக்கா இல்லை.

நேரத்தினும் கொடிய தடை மொழி. பட்டநெறி ஆங்கிலத்தில் நடைபெறுகின்றது. 1847இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மேலை வைத்தியத்தைத் தமிழிலே கற்பித்ததையும், மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கியதையும் நாம் மேடைகளிற் பெருமையோடு பேசுகின்றோம். அப்பெருமையால் என் அக்காவுக்கு ஒரு பக்கமேனும் இலகுவாகவில்லை. அகராதியும் நானுமே அவருக்குத் துணை.

சென்ற விடுமுறையில், நோயாளரின் வேதனை பற்றிய அவரது ஒப்படையைத் திருத்தினேன். இரவில் நோயாளர் அடிக்கடி மணி கேட்பது வலியினாலன்று, தனிமையினால் என்றொரு வசனம் இருந்தது. ஆதாரமற்றது எனச் சிவப்பு மையால் வெட்டினேன். இரவுக் கடமை முடிந்து வந்த அக்கா அதை நெடுநேரம் பார்த்தார்.

“தம்பி, இதை ஏன் வெட்டினனீ? நான் கண்ட ஒண்டு இதுதானே.”

என்னிடம் மறுமொழியில்லை. எட்டுமணி விரிவுரைக்கு எழும்பாது படுத்துக் கிடப்பவன், விழித்திருந்து கண்டவரின் வசனத்தை வெட்டியிருந்தேன். அதனை அவர் மீண்டும் எழுதினார். இலக்கணத்தை மாத்திரம் நான் திருத்திக் கொடுத்தேன்.

அன்றிரவு, “பிள்ளை என்னைத் தேடி அழுறான். இந்த வருஷத்தோடை நிப்பாட்டுவமோ?” என்று கேட்டார். படியுங்கள் என்று சொல்வது எனக்கு எளிது. குழந்தையின் அழுகையைக் கேட்பவன் நானல்லேன். எனவே யாதும் கூறாது, விடுமுறை முடியும்வரை மருமகனை என்னருகிற் படுக்கவைத்தேன்.

நான் வளாகம் திரும்பிய பின் அக்காவிடமிருந்து செய்தி வந்தது. அடுத்த ஆண்டுக்குப் பாதிப் பாடங்களை மட்டும் பதிவு செய்துள்ளார். பட்டம் பிந்தும், பிந்தட்டும் என்கின்றார். கட்டணத்தின் ஒரு பங்கைக் கொடுப்பதற்காக மாலையில் இரு பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக் கொடுக்கின்றேன். எட்டுமணி விரிவுரைக்கு இப்போது தவறாது செல்கின்றேன். அவ்வேளையில் அக்கா இரவுக் கடமை முடிந்து பேருந்திற் பாடநூலை விரித்திருப்பார்.