எழுவான்கரையும் படுவான்கரையும் இடங்காட்டும் கருவியும்

மட்டக்களப்பு வாவியின் இருமருங்கிலும் வாழும் மக்கள், ஞாயிறு எழும் பக்கத்து நிலத்தை எழுவான்கரை என்றும், அது படும் பக்கத்து நிலத்தைப் படுவான்கரை என்றும் வழங்குவதை இந்நாட்டுத் தமிழர் யாவரும் அறிவர். தாம் குடியிருக்கும் நிலத்தின் பெயரிலேயே திசையைப் பொதிந்து வைத்த இம்மக்களுக்கு வழி காட்ட ஒரு கருவியும் வேண்டுமோ என்று கேட்பவர் கேட்கலாம். ஞாயிறு தெரியும் வரை வேண்டியதில்லை என்பதே எமது விடை. மார்கழி மாரி கரைகளிரண்டையும் மறைத்து நிற்க, மின்சாரமும் தடைப்பட்டு ஊர்விளக்குகள் அவிந்த ஓரிரவில், நடுக்களப்பில் தோணியிலிருப்பவனுக்கு எழுவானும் ஒன்று, படுவானும் ஒன்று.

அத்தகைய இரவொன்றில் தம்முள் ஒருவர் விடியும்வரை கண்டற் புதருள் அகப்பட்டுக் கிடந்ததைக் கண்ட பின்னரே, வாவிக்கரைச் சிற்றூர் ஒன்றின் மீனவர் சங்கத்தார் எம்மிடம் வந்தனர். சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அவர்கள் கையில் இருந்தது. கையடக்கமான 'ஜீ.பீ.எஸ்.' கருவி வாங்க விரும்பினர். விலையுயர்ந்த கருவி ஒன்றை வாங்குவதா, எளிய கருவிகள் இரண்டு மூன்றை வாங்குவதா என்பது அவர்கள் வினா. கடைக்காரர் சொல்லை நம்பி வாங்கிய பின் பயன்படாது போனால் அப்பணம் மீண்டும் சேரப் பல மாரி செல்லும். ஆதலின், புவியியல் கற்பிக்கும் நண்பர் ஒருவரும் நாமுமாக, பலரிடத்து இரவல் பெற்ற மூன்று கருவிகளோடு ஒரு பங்குனி மாதத்துப் பிற்பகலில் கல்லடியிலிருந்து தோணியேறினோம். அறுபது கடந்த மீனவப் பெரியவர் ஒருவர் எமக்கு ஓட்டி.

மட்டக்களப்பு வாவி தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடப்பது. பாலமீன்மடுவிலும் பெரியகல்லாற்றிலும் அது கடலோடு கலக்கின்றது. அவ்வாய்களை மணல் மூடுவதும், மாரி வெள்ளம் பெருகுங்கால் அவை மீளத் திறப்பதும் வழமை. 2013இல் திறக்கப்பட்ட புதிய கல்லடிப் பாலத்தையும், அதனருகே முதுமை எய்தி நிற்கும் பழைய இரும்புப் பாலத்தையும் பின்னே விட்டுத் தென்திசை நோக்கிச் செல்லுங்கால், இடப்புறம் காத்தான்குடியும் ஆரையம்பதியும் நெருக்கமாய்த் தோன்றின. வலப்புறம் கண்டலும் வயலும் நாணலுமாகப் படுவான்கரை விரிந்தது. ஒருகாலத்தில் பாதையேறிக் கடந்த மண்முனையில் 2014 முதல் பாலம் நிற்கின்றது. ('பாதை' என்பது இந்நாட்டார் வழக்கில் ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக் கடக்கும் மிதவை என்பதை வெளியூர் வாசகர் அறிந்துகொள்க.)

"முந்தி என்னத்தைப் பார்த்துப் போவீர்கள், அண்ணன்?" என்று நண்பர் கேட்டார்.

"ரெண்டு தென்னையைப் பார்ப்பம் சேர். முன்னுக்கு ஒண்டு, பின்னுக்கு ஒண்டு. ரெண்டும் ஒண்டோட ஒண்டு மறைஞ்சா அதுதான் கோடு. கோயில் முடியும் பார்ப்பம். சூறாவளி வந்த அடுத்த நாள் தோணியில வந்து பார்த்தா ஒரு தென்னையும் இல்ல. எந்த ஊருக்கு வந்திருக்கிறம் எண்டே விளங்கல்ல."

1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி இரவு மட்டக்களப்பைச் சூறையாடிய அப்புயலில் சாய்ந்த தென்னைகளுக்குக் கணக்கில்லை. வீடிழந்தோர் துயரையும் உயிரிழந்தோர் துயரையும் பலர் எழுதியுள்ளனர். களப்பில் தொழில் செய்வோரின் வழிகாட்டிகளும் அன்றே அழிந்தன என்பதைப் பெரியவர் வாய்மொழியாலேயே நாம் உணர்ந்தோம். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை நாவலடியையும் கல்லடியின் கடற்புறத்தையும் துடைத்துச் சென்றபோது இன்னொரு தொகுதி அடையாளங்கள் மறைந்தன. பாலமீன்மடுவில் 1913இல் எழுப்பிய வெளிச்சவீடு மட்டும் இரண்டையும் கண்டு நிற்கின்றது. ஆயின் அதன் ஒளி அம்பிளாந்துறையில் நிற்பவனுக்கு என் செய்யும்?

இனிக் கருவிகளைக் கவனிப்போம். பூமிக்கு மேல் ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் அமெரிக்கச் செய்மதிகள் இடையறாது அனுப்பும் நேரக் குறிப்புகளைப் பெற்று, அவை வந்துசேரப் பிடித்த காலத்தைக் கொண்டு தன் இடத்தைக் கணிப்பதே இக்கருவியின் தொழில். நான்கு செய்மதிகளாவது தெரிதல் வேண்டும். 24 செய்மதிகளோடு அவ்வமைப்பு 1995இல் முழுமை பெற்றது. பொதுமக்களுக்கான குறிப்பில் வேண்டுமென்றே புகுத்தியிருந்த பிழையை அமெரிக்க அரசு 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் நீக்கிய பின்னரே, நூறு மீற்றர் வரை தவறிய கணிப்பு பத்து மீற்றருக்குள் அடங்கலாயிற்று. இன்று உருசியரின் 'குளோனாஸ்', ஐரோப்பியரின் 'கலிலியோ', சீனரின் 'பெய்டோ' ஆகியவற்றையும் சேர்த்துக் கேட்கும் கருவிகள் உள. மலையிடுக்கிலும் மரச்செறிவிலும் இவற்றால் நன்மை மிகும். வானம் முழுதும் திறந்து கிடக்கும் களப்பிலோ எளிய கருவிக்கும் உயர்ந்த கருவிக்கும் பெரும் வேற்றுமை காண்பதற்கில்லை. எம் தோணியிலிருந்த மூன்றும் சில மீற்றருக்குள் ஒரே விடையைக் கூறின. ஆகவே 'துல்லியம்' என்று சொல்லி விலையை உயர்த்தும் கடைக்காரர்க்கு இங்கே செவிசாய்க்க வேண்டியதில்லை.

வேற்றுமை பிறிதோரிடத்தில் உளது. அம்பிளாந்துறைக்கு முன்னர் எந்திரத்தை நிறுத்தித் தோணியை மிதக்க விட்டோம். காற்றில் தோணி மெல்லத் திரும்பியது. ஒரு கருவியின் அம்புக்குறி கல்லடியை நோக்கி நிலைத்து நின்றது; மற்றொன்றின் அம்பு பித்துப் பிடித்தது போல் சுழன்றது. இரண்டாவது பழுதானதன்று. திசையறியும் காந்த உறுப்பு அதனுள் இல்லை. அத்தகைய கருவி நகரும்போது மட்டுமே, விட்டு வந்த இடத்தையும் நிற்கும் இடத்தையும் ஒப்பிட்டுத் திசை கூறவல்லது, நின்றால் ஊமை. கார்மின் நிறுவனத்தார் 2019இல் வெளியிட்ட ஈட்ரெக்ஸ் 22எக்ஸ், 32எக்ஸ் என்னும் இரட்டையருள் பின்னதற்கே இவ்வுறுப்பு உண்டு. வலை இழுக்க நின்று, இருளில் திசை மறந்து, மீளப் புறப்படுபவனுக்கு இது இன்றியமையாதது.

32எக்ஸில் காற்றழுத்தத்தால் உயரமளக்கும் உறுப்பும் உளது. கடல் மட்டத்தோடு கிடக்கும் நீரில் உயரமானி எதற்கு என்று நண்பர் நகைத்தார். நாம் உடன்படவில்லை. அவ்வுறுப்பே அழுத்தம் ஏறி இறங்குவதைக் கோடாகவும் வரைந்து காட்டும். அழுத்தம் விரைந்து வீழ்வது புயலின் முன்னறிவிப்பு என்பது பள்ளி மாணவரும் அறிந்த பாடம். 1978ஐக் கண்ட ஊரில் அதனை வீண் என்று தள்ளுதல் தகுமா?

மின்கலத்தைப் பற்றியும் சொல்லல் வேண்டும். உள்ளேயே பொருத்தி மின்னேற்றும் கலமுடைய கருவிகள் இன்று பெருகி வருகின்றன. 2023இல் வந்த ஜீ.பீ.எஸ்.மெப் 67 ஒருமுறை ஏற்றினால் 180 மணி நேரம் உழைக்கும் என்கின்றனர். பெரிய விடயமே. ஆயினும் அது தீர்ந்த இடத்தில் தீர்ந்ததுதான். ஈட்ரெக்ஸ் கருவிகளோ இரண்டு பென்டோர்ச் பற்றரியில் இயங்குவன. 22எக்ஸ், 32எக்ஸ் 25 மணி நேரமும், படமின்றிப் புள்ளியும் கோடும் மட்டும் காட்டும் ஈட்ரெக்ஸ் எஸ்.ஈ. 168 மணி நேரமும் தாங்குவன. கொக்கட்டிச்சோலையிலும் மண்டூரிலும் எந்தப் பெட்டிக்கடையிலும் அப்பற்றரி கிடைக்கும். தோணிக்காரன் மடியில் இரண்டு பற்றரி கிடந்தால் அவன் எவர் தயவையும் நாட வேண்டியதில்லை.

கைத்தொலைபேசி போதாதா என்பர் இளைஞர். அதனுள்ளும் செய்மதிக் குறிப்பைப் பெறும் உறுப்பு உண்டு. தொலைபேசிச் சேவை கிடையாத இடத்திலும் அது இடத்தைக் கூறும். பகலில், வறண்ட கையோடு, அருகில் மின்னேற்றும் வசதியோடு செல்பவருக்கு அது போதும். ஆனால் உப்புநீர் சொட்டும் விரல் பட்டால் கண்ணாடித் திரை சொற்கேளாது. உச்சிவெயிலில் அதன் முகம் கறுத்துவிடும். இக்கருவிகளின் திரையோ வெயில் ஏற ஏறத் தெளிவது. பொத்தானை அழுத்தி இயக்கும் கருவியே மீனவர்க்கு உகந்தது என்பதில் எமக்கு ஐயமில்லை.

நீரில் விழுந்தால்? இவற்றுட் பெரும்பாலான, ஒரு மீற்றர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் தரத்தன. களப்பின் சேற்றில் புதைந்ததைத் தேடி எடுக்க அரை மணி போதுமா என்பது வேறு. ஜீ.பீ.எஸ்.மெப் 79 மிதக்கும்படி அமைந்தது. கடல்வாயைக் கடந்து ஆழியில் தொழில் செய்வோர் அதனை எண்ணிப் பார்க்கலாம். ஈட்ரெக்ஸ் மிதப்பதற்கென அமைந்ததன்று. இதனை நாம் பெரியவரிடம் விளக்கிக் கொண்டிருக்கையில், அவர் ஒரு சொல்லும் பேசாது, வலையிலிருந்து கழன்ற மிதப்பு ஒன்றை எடுத்து, நைலோன் நூலால் கருவியின் காதில் கட்டி, நீரில் எறிந்தார். எமக்கு உயிர் போய் வந்தது, இரவல் பொருளன்றோ! அது மிதந்தது.

எண்களை எழுதும் முறையில்தான் பேராபத்து உளது என்பதை இங்கு அழுத்திக் கூற விரும்புகின்றோம். மட்டுநகரின் அகலாங்கு ஏறத்தாழ 7 பாகை 43 கலை. இதனை அவசரத்தில் ஒருவர் தொலைபேசியில் 'ஏழு, நாற்பத்து மூன்று' என்று சொல்ல, கேட்டவர் 7.43 பாகை என்று தசமத்தில் எழுதிக்கொண்டால், பாகையொன்றுக்கு அறுபது கலை என்பதால் அவ்விடம் 32 கிலோமீற்றர் தெற்கே சென்றுவிடும். மட்டக்களப்பில் தத்தளிப்பவனைக் கல்முனைப் பக்கம் தேடுவர். பழைய படங்களைப் பயன்படுத்துவோர்க்கு இன்னொரு எச்சரிக்கை: நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஓரங்குலப் படங்கள் கந்தவளை என்னும் அடிப்படையில் வரையப்பட்டவை, கருவிகள் உலகப் பொதுவான டபிள்யூ.ஜீ.எஸ். 84ஐக் கொண்டவை. எமது பகுதியில் இவை இரண்டும் கிழக்கு மேற்காக ஏறத்தாழ 200 மீற்றர் வேறுபடும். தோணியில் இருப்பவரைப் படம் கரையேற்றி வயலில் நிறுத்திவிடும். கருவியின் அமைப்புப் பட்டியலிற் கந்தவளையைத் தெரிந்துகொண்டால் இவ்வேறுபாடு நீங்கும்.

திரும்புகையில் இருட்டிவிட்டது. நிலவில்லை. கருவியில் கல்லடியைக் குறித்து 'செல்' என்று ஆணையிட்டபோது அம்பு நேர்கோட்டைக் காட்டிற்று. பெரியவர் எட்டிப் பார்த்துத் தலையை அசைத்தார்.

"அது பறவை போற வழி சேர். அதில போனா மீன் பிடிக்க நட்ட கம்புகள்ள ஏறி, அங்கால மேட்டில தட்டி நிப்பம்."

ஆழம் கருவிக்குத் தெரியாது. கம்பும் மேடும் தெரியா. ஆயினும் பிற்பகலில் அவர் வளைத்து வளைத்து ஓட்டிவந்த வழி முழுதும் அதனுள் ஒரு கோடாகப் பதிந்திருந்தது. வந்த சுவட்டில் மீளும்படி கருவியைத் திருப்பினோம். திரையின் சிறு வெளிச்சத்தில் அக்கோட்டைப் பார்த்து நாம் 'இடப்பக்கம்', 'வலப்பக்கம்' என்று கூற, அவர் தாமே முன்னறிந்து திருப்பிக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் மட்டும் இருளில் நீரைக் கையால் அளைந்து பார்த்து, நாம் சொன்னதற்கு இசைந்து திருப்பினார். அவருடைய மகனுக்கோ பேரனுக்கோ அவ்வளைவுகள் யாவும் மனப்பாடமாக இரா. ஐம்பதாண்டுத் தொழிலறிவு ஒரு பிற்பகலில் கருவிக்குள் ஏறியிருந்தது. மணல்மேடு மாரிதோறும் இடம் பெயர்வதால், ஆண்டுக்கொரு முறை அறிந்தவர் ஒருவர் ஓட்டி அக்கோட்டைப் புதுப்பித்தல் வேண்டும் என்பதையும் சங்கத்தாரிடம் கூறினோம்.

காந்தத் திசைகாட்டி உடையதாய், பென்டோர்ச் பற்றரியில் இயங்கும் பொத்தான் கருவிகள் இரண்டை வாங்குக என்பதே நாம் அவர்களுக்குச் சொன்ன முடிவு. மிதப்புகளை அவர்களே கட்டிக்கொண்டனர். நாம் கொண்டுசென்ற கருவிகளில் தமிழெழுத்து இல்லாமையால், குறித்த இடங்களுக்கு இலக்கமிட்டு, எந்தப் படத்திலும் காணாத அவற்றின் பெயர்களைப் பெரியவர் சொல்லச் சொல்ல ஒரு கொப்பியில் எழுதினோம். பதினாறு இடங்கள் ஆயின. பதினேழாவதாக, கண்டற் கரையோரம் அவர் தோணியைச் சற்று மெதுவாக்கிய இடத்தைக் குறிக்க நண்பர் பொத்தானை அழுத்தப் போனார்.

"அதை மட்டும் போடாதீங்க சேர்," என்றார் பெரியவர். "அது நண்டுக்குரிய இடம்."