நடுவில் வரும் பந்து

இரட்டையர் பிக்கிள்பாலில், நான் பார்த்தவரை, ஜோடிகள் மனம் நொந்து விடும் புள்ளி நடுவில் வரும் பந்தில்தான். அவர் எடுப்பார் என்று இவர் நிற்பார். இவர் எடுப்பார் என்று அவர் நிற்பார். ஓட்டைகள் போட்ட அந்த பிளாஸ்டிக் பந்து, வேகமே இல்லாமல் இருவருக்கும் இடையே போய்விடும்.

பந்து அங்கே வருவதற்குக் காரணம் இருக்கிறது. வலையின் உயரம் ஓரங்களில் 36 அங்குலம், நடுவில் 34. ஓரக்கோட்டைக் குறிவைத்தால் வெளியே போகும் பயம் உண்டு. நடுவில் அந்தப் பயம் இல்லை. நடுவிலிருந்து திருப்பி அடிப்பவருக்குக் கூர்மையான கோணமும் கிடைக்காது. விவரம் தெரிந்த எதிரணி திரும்பத் திரும்ப அங்கேதான் போடும்.

இருவரும் வலக்கைக்காரர்கள் என்றால், இடப்பக்கம் நிற்பவரின் ஃபோர்ஹேண்ட் நடுவை நோக்கியிருக்கும். பொதுவாக நடுப்பந்து அவருக்கு. முதல் சர்வுக்கு முன்பே இதைப் பேசிக்கொள்வது நல்லது. ஆட்டம் தொடங்கிய பிறகும் வாய் ஓயக்கூடாது. எங்கள் குடியிருப்பில் பேட்மிண்டன் கோர்ட்டிலேயே புதுக்கோடு ஒட்டி ஆடுகிறோம். 20க்கு 44 அடி, இரண்டு ஆட்டத்துக்கும் அளவு ஒன்றே. அங்கே பணி ஓய்வு பெற்ற பெரியவரும் கல்லூரிப் பெண்ணும் ஒரு ஜோடி. “அங்கிள், எனக்கு!” என்று அவள் கத்துவாள். “விடும்மா, அவுட்!” என்பார் அவர். சத்தத்தில் கூச்சமே இல்லாத அந்த ஜோடியை வெல்வது கடினம்.

வயது வித்தியாசம் பாராமல் ஆட முடிவது இந்த ஆட்டத்தின் பிறப்பிலேயே இருக்கிறது. 1965இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், பெயின்பிரிட்ஜ் தீவில், ஜோயல் பிரிட்சர்டும் பில் பெல்லும் பழைய பேட்மிண்டன் கோர்ட்டில், கையில் கிடைத்த டேபிள் டென்னிஸ் மட்டைகளை வைத்துத் தொடங்கினார்கள். பிறகு பார்னி மெக்கல்லமும் சேர்ந்து, வீட்டில் எல்லோரும் ஆடும்படி விதிகளை வகுத்தார்கள்.

அந்த விதிகளில் எனக்குப் பெரிதாகப் படுவது இரண்டு. சர்வும் அதற்கான பதிலும் ஒருமுறை தரையில் குத்தியெழுந்த பிறகே அடிக்கப்பட வேண்டும். வலைக்கு இருபுறமும் 7 அடி, ‘கிச்சன்’ என்கிறோமே, அதில் நின்று பந்தை அந்தரத்தில் அடிக்கக் கூடாது. இவ்விரண்டும் சேர்ந்தால் சர்வ் போடும் அணிக்குச் சங்கடம். எதிரணி பந்தைத் திருப்பிவிட்டுக் கிச்சன் கோட்டுக்கு வந்து நின்றுகொள்ளும். நாம் மட்டும் பின்கோட்டருகே காத்திருக்க வேண்டும்.

அங்கிருந்து அடிக்கும் மூன்றாவது அடியில்தான் இரட்டையர் ஆட்டத்தின் உயிர் இருக்கிறது. ஓங்கி அடிக்கக் கை துடிக்கும். பந்து கொஞ்சம் உயர்ந்து போனாலும் வலையருகே நிற்பவர்கள் நம் காலடியில் குத்திவிடுவார்கள். அதனால் மெல்ல ஏந்தி, வலையைத் தாண்டியதும் எதிர்க் கிச்சனுக்குள் இறங்கும்படி போட வேண்டும். இதுதான் டிராப். அவர்கள் அதைக் கீழிருந்து எடுக்க வேண்டியிருக்கும் அந்த நேரம், நாம் முன்னேறக் கிடைத்த நேரம். போட்டவர் மட்டும் முன்னே போய், மற்றவர் பின்னாலேயே நின்றால், நடுவில் பெரிய வழி திறந்துவிடும். ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகளைப் போல இருவரும் சேர்ந்தே நகர வேண்டும்: முன்னே, பின்னே, பந்து போகும் பக்கமும்கூட. டிராப் கொஞ்சம் உயர்ந்துவிட்டதா? “நில்லுங்க!” என்று சொல்லி இருவரும் நிற்க வேண்டும். டிராப் போட்டவரை விட, பந்தின் உயரத்தைப் பார்த்துச் சொல்லும் கூட்டாளிக்கே இந்தக் கணிப்பு எளிது. நல்ல கூட்டாளியை நான் அடையாளம் காண்பது இந்தக் குரலை வைத்துத்தான்.

கூட்டாளி இடக்கைக்காரராக அமைந்தால் கணக்கே வேறு. ஒரு நிலையில் இரண்டு ஃபோர்ஹேண்டும் நடுவில் இருக்கும்; சர்வில் ஒரு புள்ளி எடுத்து இடம் மாறியதும் இரண்டும் ஓரத்துக்குப் போய்விடும். ஆனால் சர்வ் போடுபவருக்கும் அதை வாங்குபவருக்கும்தான் விதி இடம் குறித்திருக்கிறது. கூட்டாளி தன் பக்கக் கோர்ட்டில் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். ஆகவே இருவரும் ஒரே பக்கம் நின்று, அடித்த கையோடு பிடித்த பக்கத்துக்கு நகர்ந்துகொள்ளலாம். ‘ஸ்டாக்கிங்’ என்ற இந்த ஏற்பாட்டில், இரண்டு ஃபோர்ஹேண்டும் நடுவில் நிற்க, பந்து யாருக்கு என்ற பேச்சு இன்னும் அவசியமாகிறது.