பச்சைப் பானை

மானாமதுரை. மார்கழிக் காலை ஒன்பது மணியாகியும் பனி விலகவில்லை. ஓட்டுக் கொட்டகைக்குள் பொங்கல் பானைகள் வரிசையாகக் கவிழ்ந்திருக்கின்றன. ஒன்றும் இன்னும் நெருப்பைக் காணவில்லை.

ஓரத்தில் பெரியவர் தட்டிக்கொண்டிருக்கிறார். சக்கரத்திலிருந்து அறுத்தெடுக்கும்போது பானைக்கு அடி கிடையாது. உள்ளே உருண்டைக் கல்லை அணைகொடுத்து, வெளியே பலகையால் தட்டித் தட்டி, தடித்த சுவரை இழுத்து அடியை மூட வேண்டும். ஈரம் கூடினால் பானை சப்பிப்போகும். குறைந்தால் கீறல் விடும். ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்துகிறார், திரும்ப வைக்கிறார். அடுத்ததை அழுத்துகிறார், மடிக்கு இழுத்துக்கொள்கிறார். பார்வை தெருவில் இருக்கிறது. பதம் பார்ப்பது விரல்தான்.

நன்றாகக் காய்ந்த பச்சைப் பானை தன்மேல் இன்னொன்றைத் தாங்கும். மண்துகள்கள் நெருங்கி இறுகியதால் வந்த பலம் அது. இந்தப் பனிக்காற்றை உறிஞ்சினாலே தளர்ந்துவிடும். தண்ணீரில் போட்டால் சேறு. மண்ணோடு மண்ணாகப் பிணைந்த நீர் 500 டிகிரியை ஒட்டிய சூட்டில்தான் கழன்று போகிறது. அதற்குப் பிறகு எந்த மழையும் பானையைக் கரைக்காது. ஆனால் அந்தச் சூட்டை எட்டும் முன்பே, சுவருக்குள் மிச்சமிருக்கும் ஈரம் 100 டிகிரியில் ஆவியாகிச் சுமார் 1,600 மடங்கு விரியும். வெளியேற வழி கிடைக்காவிட்டால் பானையைப் பிளக்கும். குழைக்கும்போது சேர்த்த மணல் கொஞ்சம் வழிவிடும், அவ்வளவுதான். இத்தனையையும் கடந்து வருகிற பானைக்குத்தான் சந்தையில் பத்து ரூபாய் குறைக்கச் சொல்கிறோம். மனசு ஆறவில்லை.

வீட்டம்மா ஒரு பானையைத் தூக்கிக் கன்னத்தில் ஒற்றிப் பார்க்கிறார். ஈரம் உள்ள மண் கன்னத்துச் சூட்டை இழுத்துக்கொள்ளும்.

வாசலில் வேன்காரர். "ஆத்தா, இன்னைக்குச் சூளை போட்டாத்தான் சரக்கு மதுரை போய்ச் சேரும்."

"சில்லுன்னு இருக்குப்பா. அடுக்குனா அம்புட்டும் வெடிச்சுப்போகும்."

"செத்த வெயில்ல வச்சு எடுத்தா?"

"வெளிய காஞ்சு சுருங்கும், உள்ள ஈரம் நிக்கும். கீறிக்கிரும்."

வேன்காரர் கைபேசியைப் பார்க்கிறார், பானைகளைப் பார்க்கிறார். பெரியவர் தட்டுவதை நிறுத்தவில்லை. அம்மா பேரனைக் கூப்பிட்டு, கொட்டகை நடுவில் உமி மூட்டம் போடச் சொல்கிறார். பிறகு வேன் பக்கம் திரும்புகிறார்.

"வெயில் கண்டா நாளன்னைக்கு வா. காணாட்டி நானே போன் போடுறேன்."