சிறு தொகையும் முதுகுப்பையும்

கையில் சிறு தொகையோடு ஐரோப்பா சுற்றக் கிளம்பும் இளைஞர்களை இடறிவிடுபவை பெரும்பாலும் சின்னச் சின்ன விஷயங்கள்தான்.

2019 ஜூலையில், வெனிஸின் ரியால்டோ பாலத்துப் படிகளில் இரண்டு ஜெர்மன் பயணிகள் சிற்றடுப்பைப் பற்றவைத்துக் காபி போட்டார்கள். அபராதம் 950 யூரோ. ஊரைவிட்டும் வெளியேறச் சொல்லிவிட்டார்கள்.

மலிவு விமானத்திலும் கவனம் வேண்டும். டிக்கெட்டில் பாரிஸ் என்றிருக்கும். இறங்குகிற போவே விமான நிலையமோ நகரிலிருந்து ஏறக்குறைய 85 கிலோமீட்டர். பேருந்துச் செலவு தனி. இத்தாலியின் உள்ளூர் ரயில்களில் காகித டிக்கெட்டை இயந்திரத்தில் முத்திரையிடாமல் ஏறினால், காசு கொடுத்து வாங்கியவருக்கும் அபராதம் விழும்.

திருட்டோ பழைய கதை. 1933 டிசம்பரில், 18 வயதில், ஹாலந்திலிருந்து இஸ்தான்புல்லை நோக்கி நடக்கத் தொடங்கினார் பேட்ரிக் லீ ஃபெர்மர் என்ற பிரிட்டிஷ் இளைஞர். மியூனிக் விடுதியில் அவருடைய முதுகுப்பை களவுபோனது. பாஸ்போர்ட், பணம், நாட்குறிப்பு எல்லாம் அதற்குள். பிரிட்டிஷ் துணைத் தூதரகம் புது பாஸ்போர்ட்டும் 5 பவுண்டும் கொடுத்து உதவியது. அந்த இளைஞர் திரும்பவில்லை, இஸ்தான்புல் போய்ச் சேர்ந்தார். பின்னாளில் அந்தப் பயணத்தைப் புத்தகங்களாகவும் எழுதினார்.

கிளம்புகிறவர்கள் பாஸ்போர்ட்டையும் கொஞ்சம் பணத்தையும் பையில் போடாமல் உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள்.