செலைலோவின் மீன்பொடி

தகரப் பேணியில் வரும் மீனையெல்லாம் நாம் 'சமன்' என்கிறோம். உள்ளே இருப்பது பெரும்பாலும் வேறு மீன் என்பது இல்லத்தரசிகள் அறிந்ததே. உண்மைச் சமன் கடலிலிருந்து எதிர்நீச்சலிட்டு ஏறிவரும் ஆறுகளுள் ஒன்று, அமெரிக்காவின் வடமேற்கே ஓடும் கொலம்பியா.

அவ்வாற்றில் செலைலோ என்றோர் அருவி இருந்தது. பாறைகள்மேல் மரப்பரண் கட்டி, நீண்ட காம்புள்ள வலைகளால் ஆதிக்குடிகள் பல்லாயிரம் ஆண்டுகளாக அங்கே மீன் பிடித்தனர். பெண்கள் அதனை மெல்லிதாகக் கீறி, வெயிலிலும் வறண்ட காற்றிலும் உலர்த்துவர். உப்பு இடுவதில்லை. (நம் கருவாட்டு வியாபாரி இதனை நம்பமாட்டார்!) பின்னர் இரு கற்களிடையே இடித்துப் பொடியாக்கி, மீன்தோல் விரித்த புற்கூடைகளில் இறுக அமுக்கி மூடுவர். 1805 இல் அவ்வழியே சென்ற வில்லியம் கிளார்க், அப்பொடி பல ஆண்டுகள் கெடாதிருக்கும் என்று தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார்.

அப்பெண்களோ எதையும் எழுதிவைத்தவர்கள் அல்லர். பாட்டியின் கையைப் பார்த்துப் பேத்தி பழகிய பாகம் அது. பழகுவதற்கு மீன் வேண்டுமே!

1957 மார்ச் 10 ஆம் நாள் டாலஸ் அணையின் கதவுகள் மூடப்பட்டன. சில மணி நேரத்துள் அருவி மூழ்கிற்று. அதன் பேரிரைச்சலும் அடங்கிற்று. இழப்பீட்டுப் பணம் கிடைத்தது, மின்சாரமும் வந்தது. மின்சாரத்தை இகழ்பவன் அல்லன் யான். ஆனால் அன்று கரையில் நின்று அழுத முதியோருக்கு அது என்ன ஆறுதல்?

ஊர் மட்டும் கலையவில்லை. வசந்தந்தோறும் முதல் மீன் விருந்து இன்றும் அங்கே நடைபெறுகிறது. தீயில் வாட்டிய சமனை உண்ணுமுன் அனைவரும் ஒரு வாய் நீர் அருந்துவர், உண்டபின்னும் அருந்துவர்.

2008 இல் ஒலியலைகளைச் செலுத்தி ஆற்றின் அடியை ஆராய்ந்தனர். அருவிப் பாறைகள் பழைய இடத்திலேயே இருந்தன.