கூம்பு ஸ்பீக்கரில் கேட்காத கிட்டார்



உளுந்துக்கு நிலத்தை உழுது போட்டுட்டு வானத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கிற நேரம் இது. வடகிழக்குப் பருவமழை இறங்கினாத்தான் அடுத்த வேலை. அதனால இந்தத் தடவை விவசாயத்தை ஓரமா வச்சுட்டு கிட்டாரைப் பத்தி எழுதுறேன். முருங்கை விலை கேட்டவங்க ஒரு வாரம் பொறுத்துக்கோங்க.

எங்க மாப்பிள்ளையூரணியிலயும் சுத்துப்பட்டியிலயும் அந்தக் காலத்துல மெல்லிசைக் குழுவுல பேஸ் கிட்டார் வாசிச்சவங்கன்னு தேடினா, எனக்குத் தெரிஞ்சு இன்னைக்கு மூணு பேர் இருக்கோம். ஒருத்தர் உப்பளத்துல கணக்கு எழுதுறார். என்னைவிட நாலு வயசு மூத்தவர், அண்ணாச்சின்னு கூப்பிடுவேன். இன்னொருத்தர் தருவைகுளத்துக்காரர். மீன் ஏலம் எடுக்கிற தொழில். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பாட்டுக் குழுவுல இன்னமும் வாசிக்கிறார். எனக்கும் அவருக்கும் ஒரே வயசு, அதனால மாறி மாறி ‘மாப்ள’தான். மூணாவது ஆள் நான். மாசத்துல ஒரு சாயங்காலம் என் தோட்டத்து மோட்டார் ரூம் திண்ணையில கூடுவோம். கம்பி, பிக்கப், ஆம்ப்ளிஃபையர், அந்தக் காலத்துக் கடைகள், இதுதான் பேச்சு. “பேரன் பேத்தி எடுக்கிற வயசுல இன்னும் கம்பிப் பேச்சு தீரலையே”ன்னு வீட்டுல சிரிப்பாங்க.

பேஸ் கிட்டார்னா தெரியாதவங்களுக்குச் சொல்லிடுறேன். சாதாரண கிட்டார்ல ஆறு கம்பி. இதுல நாலு, ஒவ்வொண்ணும் சைக்கிள் பிரேக் கேபிள் மாதிரி தடிமன். மேளத்துக்கும் பாட்டுக்கும் நடுவுல அடிச் சத்தம் கொடுக்கிறது இதோட வேலை. முன்னாடி ஆள் உயரத்துக்கு நிக்கிற டபுள் பேஸ்தான் அந்த வேலையைச் செஞ்சது. அமெரிக்காவுல லியோ ஃபெண்டர்ங்கிறவர் 1951ல கழுத்துல மாட்டி வாசிக்கிற மாதிரி மின்சார பேஸ் கிட்டாரை விற்பனைக்குக் கொண்டு வந்தார். பிரெசிஷன் பேஸ்னு பேரு. இன்னைக்கும் பாதி உலகம் அதே வடிவத்தைத்தான் வாசிக்குது.

தமிழ்நாட்டுல இதைக் காதுல போட்டவர் இளையராஜா. மூடுபனி 1980ல வந்தது. அதுல ஜேசுதாஸ் பாடின கிட்டார் பாட்டை நல்ல ஹெட்ஃபோன்ல கேட்டுப் பாருங்க. கீழ ஒருத்தர் தனியா இன்னொரு பாட்டு பாடுற மாதிரி பேஸ் நடக்கும். ராஜா சார்கிட்ட ரொம்ப வருஷம் பேஸ் வாசிச்சவர் சசிதரன். ரஹ்மான் பாட்டுகள்ல கீத் பீட்டர்ஸ். இந்த ரெண்டு பேரும் எங்க மூணு பேருக்கும் பெரிய சாமி. ஆனா ஊர்ல பத்து பேர்கிட்டக் கேட்டா ஒருத்தருக்கும் பேர் தெரியாது. பேஸ்காரன் பொழப்பு அப்படி.

எங்க பொழப்பு அதைவிட மோசம். நான் வாசிச்சது 1988லேர்ந்து பத்து வருஷம். அம்மன் கோயில் கொடை, குலசேகரப்பட்டினம் தசரா நேரம், கல்யாண வீடு. ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழா நெருங்கினா கடற்கரை ஊர்கள்ல நிறைய கச்சேரி இருக்கும். ஒரு ராத்திரிக்கு எழுபத்தஞ்சு ரூபாய், கூட சாப்பாடு. ஆனா மைக் செட்காரர் மரத்துலயும் கம்பத்துலயும் கட்டுறது கூம்பு ஸ்பீக்கர். அது பேச்சுக் குரல் தூரமா போறதுக்குன்னு செஞ்சது. அடிச் சத்தம் அதுல ஏறவே ஏறாது. பேஸ் கிட்டாரோட தடிச்ச கம்பி ஒரு செகண்டுக்கு 41 தடவைதான் அதிரும். மெல்லிசுக் கம்பியே 98. கூம்பு வழியா அது வெளிய போகவே போகாது. கம்பி ‘டிக் டிக்’னு தட்டுற சத்தம் மட்டும் லேசா வரும்.

ஆயிரம் பேர் உட்கார்ந்திருப்பாங்க. நான் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் வாசிப்பேன். ஒருத்தருக்கும் கேட்டிருக்காது. மேடையில என் பக்கத்துல இருக்கிற சின்னப் பெட்டி வழியா டிரம்ஸ்காரருக்கும் பாடுறவங்களுக்கும் மட்டும் கேட்கும். நான் நிறுத்தினா அவங்க தடுமாறுவாங்க, அதனாலதான் என்னை வச்சிருந்தாங்க. எங்க அப்பா ஒரு தடவை கொடைக்கு வந்து முன்வரிசையில உட்கார்ந்து கேட்டுட்டு, “எல்லாரும் வாசிச்சாங்க, நீ ஏம்ல சும்மா தடவிக்கிட்டு நின்ன?”ன்னு கேட்டார்.

இதனாலதான் நாங்க மூணு பேரும் கூடினா கடைப் பேச்சு வருது. நாங்க வாசிக்கிறது முழுசா கேட்ட ஒரே இடம் கடைதான்.

தூத்துக்குடியில டபிள்யூ.ஜி.சி. ரோட்டுலேர்ந்து உள்ள போற ஒரு சந்துல சின்ன இசைக்கருவிக் கடை இருந்தது. பத்துக்கு எட்டு இருக்கும். ஹார்மோனியத்துக்குத் துருத்தி மாத்துறது, தபலாவுக்குத் தோல் கட்டுறது, பள்ளிக்கூட பேண்டு வாத்தியம் பழுது பார்க்கிறது, இதுலதான் அவருக்கு வருமானம். கடைப் பெரியவருக்கு அப்பவே அறுபது வயசு. சுவத்துல கல்கத்தாவுல செஞ்ச கிட்டார் நாலஞ்சு தொங்கும். வெளிநாட்டுச் சாமான் அப்ப யானை விலை, குதிரை விலை. கப்பல்ல வேலை பார்க்கிறவங்க யாராவது கொண்டு வந்து அவசரத்துக்கு வித்துட்டுப் போனாத்தான் உண்டு. அப்படி வந்த ஒரு ஜப்பான் பேஸ் கிட்டார் கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருந்தது.

நான் வயல்லேர்ந்து நேரா போவேன். கால்ல சேறு. வாங்கப் போறதில்லைன்னு அவருக்கும் தெரியும். “நின்னு பார்த்துக்கிட்டே இருந்தா என்னவே வரும்? கையக் கழுவிட்டு வந்து எடும்”பார். பன்னிரண்டு இஞ்ச் ஸ்பீக்கர் வச்ச ஒரு மரப்பெட்டி வச்சிருந்தார். அதுல செருகி, தடிச்ச கம்பியை ஒரு தட்டுத் தட்டினேன். கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. என் விரல்லேர்ந்து வர்ற சத்தம் எப்படி இருக்கும்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரியும். அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷமா மேடையில வாசிச்சுக்கிட்டிருந்தேன்.

அண்ணாச்சிக்கும் அதே கடை, அதே பெட்டி. மாப்ளைக்கும் அப்படியே. நாங்க மூணு பேரும் பழக்கமானதே அங்கதான். ஒருத்தர் வாசிக்க, ரெண்டு பேர் பெஞ்சுல உட்கார்ந்து குறை சொல்லுவோம். கடைசியில நான் வாங்கினது அந்த ஜப்பான் பேஸ் இல்லை. சுவத்துல தொங்கினதுல ஒரு பழைய பேஸை, ரெண்டு போகம் பருத்தி வித்த காசுல தவணையில வாங்கினேன். அதோட கழுத்துல அடையாளப் புள்ளி ரெண்டு விழுந்திருந்தது. பெரியவர் முத்துச்சிப்பி ஓட்டை ராவி வட்டமாக்கி ஒட்டிக் கொடுத்தார். “உம்ம ஊர்க் கடல்ல எடுத்ததுவே. அமெரிக்காக்காரன் கிட்டார்லகூட தூத்துக்குடிச் சிப்பி இருக்காது”ன்னார். இங்க அரசாங்கம் கடைசியா முத்துக் குளிப்பு நடத்தினது 1961ல. சிப்பி ஓடு மட்டும் வீடுகள்ல அங்கங்க கிடக்கும்.

1992ல ஒரு தடவை மெட்ராஸ் போனேன். எழும்பூர்ல இறங்கி மவுண்ட் ரோட்டுல மியூசி மியூசிகல் கடையைத் தேடிப் போனேன். 1842ல ஆரம்பிச்ச கடை. பியானோ வரிசையா நின்னது. ஒரு செட் கம்பி வாங்கிட்டு, மத்ததை எல்லாம் அரை நாள் பார்த்துட்டு வந்தேன். அந்த அரை நாள் கதையை ஊருக்கு வந்து மூணு மாசம் சொன்னேன். இன்னைக்கும் அண்ணாச்சி, “மவுண்ட் ரோட்டுல அந்தச் சிவப்பு பேஸ் எந்தப் பக்கம் தொங்குச்சு?”ன்னு எடுத்துக் கொடுப்பார்.

இனி எங்க சாமான் பேச்சு எப்படி இருக்கும்னு கொஞ்சம் சொல்றேன். எங்க ஊர் உப்புக் காத்துல இரும்புக் கம்பி ரெண்டு மாசத்துல துருப்பிடிச்சு சத்தம் செத்துடும். புதுக் கம்பி வாங்க அப்ப காசு ஏது? பழசைக் கழட்டி, கொதிக்கிற தண்ணியில பத்து நிமிஷம் போட்டு எடுத்து வெயில்ல காயவைப்போம். சுத்துக்குள்ள இருக்கிற அழுக்கும் எண்ணெயும் இறங்கி, ஒரு வாரத்துக்குப் புதுசு மாதிரி பேசும். அண்ணாச்சி இதை ஒத்துக்கவே மாட்டார். அமெரிக்காவுல ஜேம்ஸ் ஜேமர்சன்னு ஒருத்தர், மோட்டவுன் கம்பெனிப் பாட்டுகளுக்கு வாசிச்சவர். வலது கையில ஒத்தை விரலாலதான் வாசிப்பார், கம்பி அந்தா போகுதுன்னு அறுந்தாலொழிய மாத்த மாட்டார். “துருவும் அழுக்கும்தான்வே சத்தம்”பார் அண்ணாச்சி. நான் இல்லைன்னு சொல்ல, இருட்டிடும்.

இன்னொண்ணு, சுருதி சேர்க்கிறது. இப்ப ஃபோன்லயே பார்த்துக்கலாம். அப்ப எங்களுக்கு டிரான்ஸ்ஃபார்மர்தான். நம்ம மின்சாரம் 50 சைக்கிள், டிரான்ஸ்ஃபார்மர் இரையுறது அதுல ரெண்டு மடங்கு, 100. பேஸோட மெல்லிசுக் கம்பி 98. கொஞ்சம்தான் வித்தியாசம். மின்சாரம் பத்தாத அந்தக் காலத்துல 50ங்கிறது 49க்குக் கூட இறங்கிடும். அன்னைக்கு டிரான்ஸ்ஃபார்மரும் கம்பியும் அச்சா ஒண்ணா நிக்கும். தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்ச மோட்டார் திணறுற நாள்ல எனக்குச் சுருதி சுத்தம்னு மாப்ள இப்பவும் கேலி பண்ணுவார்.

தொண்ணூறுகள் கடைசியில கீபோர்டுக்காரர் இடது கையாலயே பேஸ் வாசிக்க ஆரம்பிச்சார். குழுத் தலைவருக்கு ஒரு ஆள் சம்பளம் மிச்சம். கூம்புல கேட்காத சத்தத்துக்கு யார் காசு கொடுப்பாங்க? அவரைக் குறை சொல்ல முடியாது. நான் முழுசா வயலுக்கு வந்துட்டேன், அண்ணாச்சி உப்பளம் போயிட்டார். ஆச்சரியம் என்னன்னா, அதுக்கப்புறம் கொஞ்ச வருஷத்துல கூம்பு போய் பெரிய பெரிய பாக்ஸ் ஸ்பீக்கர் வந்தது. இப்பக் கொடையில அடிச் சத்தம் நெஞ்சுல இடிக்குது. வாசிக்கத்தான் ஆள் இல்லை.

2023 டிசம்பர் 17, 18 மழை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர். எங்க தெருவுல இடுப்பளவு தண்ணி. ஆடு ரெண்டு, விதை உளுந்து, துணிமணி எல்லாம் போச்சு. நாலாம் நாள் தண்ணி வடிஞ்சப்புறம் கட்டிலுக்கு அடியில பார்த்தா கிட்டார் உறையோட சேத்துக்குள்ள. அதை எடுத்துப் பார்க்கக்கூட அன்னைக்கு மனசு இல்லை. மூலையில சாத்திட்டேன்.

பொங்கல் கழிஞ்சு மாப்ள வந்து பார்த்துட்டு ஒண்ணும் பேசாம தூக்கிக்கிட்டுப் போனார். நாலு கம்பியும் சேர்ந்து கழுத்தை இழுக்கிற இழுப்பு 70, 80 கிலோ, ஒரு மூட்டை நெல் கனம். அதுக்கு எதிரா கழுத்துக்குள்ள ஒரு இரும்புக் கம்பி ஓடும். தண்ணியில ஊறினதுல கழுத்து வில்லா வளைஞ்சிருந்தது. கம்பியைத் தளர்த்தி, நிழல்ல ஒரு மாசம் காயவச்சு, ஆலன் கீ போட்டு வாரத்துக்குக் கால் திருகு வீதம் நிமிர்த்தினார். பிக்கப் பேசலை. என் தண்ணி மோட்டாருக்குக் காயில் கட்டுற தம்பிகிட்ட அண்ணாச்சி கொண்டு போனார். “தலைமுடி மாதிரி இருக்கு, இந்தக் கம்பி என்கிட்ட கிடையாது”ன்னு முதல்ல சொன்ன பையன், பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்து, காயில் நல்லாத்தான் இருக்கு, முனையிலதான் பாசி பிடிச்சு விட்டிருக்குன்னு ஒரு பற்று வச்சுக் கொடுத்தான். காசு வாங்கலை. முத்துச்சிப்பிப் புள்ளி ரெண்டும் விழாம இருக்கு. பெரியவர் இருந்திருந்தா காட்டியிருப்பேன். அவர் போய்ப் பல வருஷம் ஆச்சு, கடை இருந்த இடத்துல இப்ப செல்ஃபோன் கவர் விக்கிறாங்க.

போன மாசம் அடுத்த தெருப் பையன் வந்தான். டிப்ளமோ படிக்கிறான். “மாமா, ஆன்லைன்ல பேஸ் கிட்டார் வாங்கலாம்னு இருக்கேன். நாலு கம்பி நல்லதா, அஞ்சு கம்பி நல்லதா?”ன்னு கேட்டான். ஃபோன்ல ஐம்பது வீடியோ பார்த்திருக்கான். எந்த மரம், எந்த பிக்கப் எல்லாம் எனக்கே சொல்லிக் கொடுத்தான். கையில ஒரு தடவை பிடிச்சிருக்கியான்னு கேட்டேன். இல்லைன்னான். மோட்டார் ரூமுக்குக் கூட்டிட்டுப் போய் செருகிக் கொடுத்தேன். ஒரு தட்டுத் தட்டிட்டு, “வயித்துல அடிக்குது மாமா”ன்னான். அப்புறம் ரெண்டு மணி நேரம் எழுந்திரிக்கலை.

சாமான் இப்ப ஈஸியா கிடைக்குது, கப்பல்காரருக்குக் காத்துக்கிட்டு இருக்க வேண்டாம். அது நல்லதுதான். வாங்காமலே எடுத்துப் பார்க்க, தப்பா வாசிச்சா பெஞ்சுல உட்கார்ந்து குறை சொல்ல ஒரு இடம் இல்லைங்கிறதுதான் குறை. அதனால நாங்க மூணு பேரும் பேசி முடிவு பண்ணியிருக்கோம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மோட்டார் ரூம் திறந்திருக்கும். பேஸும் ஒரு பெட்டியும் அங்கயே கிடக்கும். எந்தப் பிள்ளை வேணும்னாலும் வரலாம், பொம்பளைப் பிள்ளைகளும்தான். கையை மட்டும் கழுவிட்டு வரணும்.

உங்க ஊர்ல இப்படி ஒரு சின்னக் கடை இன்னும் திறந்திருந்தா, போய் ஒரு செட் கம்பியாவது வாங்குங்க. வீட்டுல சும்மா கிடக்கிற பதினஞ்சு இஞ்ச் ஸ்பீக்கர் இருந்தா எங்களுக்குச் சொல்லுங்க.

மழை விழுந்துட்டா மட்டும் அந்த ஞாயிற்றுக்கிழமை கிடையாது, உளுந்து விதைப்பு. அடுத்த வாரம் முருங்கை விலையோட வர்றேன்.